வேகப் படகுக்கு டெண்டர் எழுதுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்: நாட் கணக்கோட குத்துற கணக்கையும் கேளுங்க

கடலோரக் காவல், மீன்வளம், துறைமுகம், சுற்றுலான்னு எந்தத் துறையா இருந்தாலும் சரி, வேகப் படகு வாங்குறதுக்கு ஸ்பெக் (படகு எப்படி இருக்கணும்ங்கிற விவரப் பட்டியல்) எழுதுற கமிட்டில இருக்கிற அதிகாரிகள் எல்லாருக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வர்றேன். படகு டெண்டர்னு வந்தா அதுல நீளம் இருக்கும், அகலம் இருக்கும், இன்ஜின் எத்தனை குதிரைத் திறன், டேங்க் எத்தனை லிட்டர், ரேடார் எந்த வகை, ஏசி எத்தனை டன்னு வரைக்கும் இருக்கும், வேகம்னு ஒரு வரி, 30 நாட் இல்ல 35 நாட்டுன்னு (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்), அதுவும் பெரும்பாலும் அமைதியான தண்ணில. ஆனா அந்தப் படகு ஒரு மீட்டர் அலைல போகும்போது உள்ள நிக்கிற மனுஷனோட முதுகுல எவ்வளவு குத்து விழும்னு ஒரு வரி கூட இருக்காது. படகு கட்டுற யார்டுகள்லயும் டிசைன் டேபிள்லயும் வேலை பாக்குறவன்ற முறைல சொல்றேன், ஸ்பெக்ல எழுதாத விஷயத்தை யார்டு செய்யாது, செஞ்சா எல்1ல, அதாவது குறைஞ்ச விலை சொன்னவங்களுக்கே ஆர்டர்ங்கிற முறைல, தோத்துப் போயிடும். அதனால இத யார்டுக்காரங்களுக்கு எழுதாம உங்களுக்கு எழுதுறேன்.

முதல்ல படகு ஏன் குத்துதுன்னு கொஞ்சம் பாத்துருவோம், ஏன்னா இது தெரியாம ஸ்பெக் எழுத முடியாது. வேகமா போற படகு தண்ணிக்குள்ள மிதந்து போறதில்ல, வேகம் ஏற ஏற அடிப்பாகத்துல வர்ற அழுத்தம் படகைத் தூக்கி விட்டுடும், அது தண்ணி மேல சறுக்கிட்டுப் போகும், இதைத்தான் பிளேனிங்னு சொல்றோம். சறுக்குறதுக்குத் தட்டையான அடிப்பாகம்தான் ரொம்ப வசதி, கம்மி இன்ஜின்ல நிறைய வேகம் கிடைக்கும். பிரச்சினை என்னன்னா அலை வந்ததும் படகு மேல எகிறும், அப்புறம் கீழ விழும், விழும்போது அந்தத் தட்டையான அடிப்பாகம் மொத்தமா ஒரே நேரத்துல தண்ணிய அடிக்கும். உள்ளங்கைய விரிச்சு தண்ணிய அறைஞ்சு பாருங்க, அப்புறம் அதே கைய கத்தி மாதிரி ஓரமா இறக்கிப் பாருங்க, வித்தியாசம் புரிஞ்சுடும். ஏராவுலேர்ந்து, அதாவது படகோட அடில நடுவுல நீளமா ஓடுற கோட்டுலேர்ந்து, ரெண்டு பக்கமும் அடிப்பாகம் எந்தக் கோணத்துல மேல ஏறுதோ அந்தக் கோணத்துக்கு டெட்ரைஸ்னு பேரு. கோணம் கூடினா தண்ணி கொஞ்சம் கொஞ்சமா தொடும், குத்து குறையும்.

இது புதுசா யாரோ கண்டுபிடிச்சது கிடையாது. கடல் விமானம் தண்ணில இறங்கும்போது அதோட மிதவைல எவ்வளவு அடி விழும்னு 1929ல வான் கார்மான் கணக்குப் போட்டாரு, 1932ல வாக்னர் அதை இன்னும் சரியா போட்டாரு. கோணம் சின்னதா ஆக ஆக அழுத்தம் எகிறிட்டே போகும்ங்கிறது அந்தக் கணக்குலயே வந்துடுச்சு. அதாவது கிட்டத்தட்ட 100 வருஷமா தெரிஞ்ச விஷயம்.

படகுல இதை எல்லாரும் நம்புற மாதிரி காட்டினது 1960ல நடந்த மயாமி நாசாவ் கடல் படகுப் போட்டி. ரே ஹன்ட்ங்கிற டிசைனர் வரைஞ்ச 31 அடி படகு, பேரு மாப்பி, டிக் பெர்ட்ராம் ஓட்டிட்டுப் போனாரு. அன்னைக்குக் கடல் ரொம்ப மோசம், மத்த படகெல்லாம் வேகத்தைக் குறைச்சுத் தத்தளிச்சப்ப இது ஒரு 8 மணி நேரத்துல போய்ச் சேர்ந்துடுச்சு, அதுக்கு அடுத்து வந்ததும் ஹன்ட் வரைஞ்ச இன்னொரு சின்னப் படகுதான். அந்த மாப்பில இருந்தது பின்பக்கம் வரைக்கும் குறையாம 24 டிகிரி டெட்ரைஸ். அதுக்கு முன்னாடி பல படகுகள்ல முன்னாடி கூர்மையா இருக்கும், பின்னாடி போகப் போகத் தட்டையாகிடும். ஹன்ட் அந்தக் கோணத்தைக் கடைசி வரைக்கும் கொண்டு போனாரு. இன்னைக்கு உலகத்துல ஓடுற கரடுமுரடான கடலுக்கான வேகப் படகுல பாதிக்கு மேல இதோட வாரிசுன்னே சொல்லிடலாம்.

இப்ப கணக்குக்கு வர்றேன், ஏன்னா கமிட்டில பேசும்போது நம்பர் இல்லாம ஒண்ணும் நிக்காது. அமெரிக்காவுல ஹோபோக்கன்ல இருக்கிற டேவிட்சன் லேபரட்டரில ஃப்ரிட்ஸ்மான்னு ஒருத்தர் 1969, 1971ல மாடல் படகுகள அலைல ஓட்டி அளந்தாரு, அதை வெச்சு சாவிட்ஸ்கியும் பிரவுனும் 1976ல ஒரு ஃபார்முலா குடுத்தாங்க. இன்னைக்கும் முதல் கட்ட டிசைனுக்கு நாங்க எல்லாரும் அதைத்தான் எடுப்போம். அதுல போட்டுப் பாத்தா டெட்ரைஸ் 10 டிகிரிலேர்ந்து 20 டிகிரியா ஆனா குத்து நாலுல ஒரு பங்கு குறையுது. ஓடும்போது படகு மூக்கைத் தூக்கிட்டு நிக்கிற கோணம், அதாவது ட்ரிம், 6 டிகிரிலேர்ந்து 4 டிகிரிக்கு இறங்கினா மூணுல ஒரு பங்கு குறையுது. அகலம் கூடினா குத்து கூடும், எடை கூடினா குத்து குறையும். வேகம்தான் பெரிய வில்லன், வேகத்தோட வர்க்கமா ஏறும், 30 நாட்டுலேர்ந்து 35 நாட்டுக்குப் போனா 36 சதவீதம் கூடுது. நீங்க டெண்டர்ல சும்மா எழுதுற அந்த 5 நாட் ஏத்தம் எங்க போய் அடிக்குதுன்னு பாருங்க.

அதே ஆராய்ச்சில இன்னொரு விஷயம் வந்துச்சு, அதுதான் எனக்கு இந்த மொத்த மடலோட உயிர். குத்துகளோட சராசரிய மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம். அடிகளெல்லாம் ஒரே மாதிரி விழாது, நிறைய சின்ன அடி, நடுநடுவுல சில பேய் அடி. சராசரி அரை ஜி (ஜின்னா புவியீர்ப்பு அளவு ஒரு மடங்கு முடுக்கம்) அப்படின்னு வெச்சுக்குங்க, இருக்கிறதுல பெரிய பத்துல ஒரு பங்கு அடிகளோட சராசரி 3.3 மடங்கு, அதாவது 1.65 ஜி. பெரிய நூத்துல ஒரு பங்கோட சராசரி 5.6 மடங்கு, 2.8 ஜி. முதுகெலும்ப உடைக்கிறது இந்தக் கடைசி ரகம்தான்.

நம்ம கடலுக்கு இதைப் பொருத்திப் பாப்போம். பாக் நீரிணைப் பக்கம் கடல் ஆழம் கம்மி, பெரும்பாலும் 10, 12 மீட்டர்தான், காத்து கொஞ்சம் ஏறினாலே குட்டையா நெருக்கமா அலை கிளம்பிடும். உயரம் பெருசா இருக்காது, ஒரு மீட்டர்தான் இருக்கும், வெளியூர்லேர்ந்து வர்றவங்க பாத்துட்டு இது ஒரு அலையான்னு கேப்பாங்க. ஆனா 4 செகண்ட் இடைவெளில வர்ற அலையோட நீளம் சுமார் 25 மீட்டர்தான். அதை எதிர்த்து 30 நாட்டுல போனா நிமிஷத்துக்கு 50 அலைக்கு மேல முட்டணும், ஒரு மணி நேரத்துக்கு 3000. எல்லா அலையும் குத்தாதுதான், இருந்தாலும் கிட்டத்தட்ட அத்தனையும் அடின்னு எடுத்துக்கிட்டா நூத்துல ஒரு பங்குன்னு நான் சொன்ன அந்தப் பேய் அடி ஒரு மணி நேரத்துல 30 தடவை. ரோந்துக்குப் போற பையன் ஒரு ஷிஃப்ட்ல எத்தனை மணி நேரம் நிக்கிறான்னு உங்களுக்கே தெரியும். கன்னியாகுமரிப் பக்கம் தென்மேற்குலேர்ந்து வர்ற நீளமான பெரிய அலை பாக்கத்தான் பயமா இருக்கும், படகு அதுல ஏறி இறங்கிப் போயிடும், குத்துறதுன்னு பாத்தா இந்தக் குட்டை அலைதான் எமன். அதனால எங்கயோ வேற கடலுக்கு வரைஞ்ச படகோட பிரவுச்சரப் பாத்து அலை உயரத்தை மட்டும் ஒப்பிடாதீங்க, அலையோட இடைவெளி என்னன்னு கேளுங்க.

இன்னொண்ணு சொல்றேன், இது எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்துற விஷயம். வேகப் படகு கட்ட கிளாஸ் சொசைட்டிகளோட (கப்பல், படகோட தரத்தைச் சரிபாத்துச் சான்று குடுக்குற அமைப்புகள்) விதிகள் இருக்கு இல்லையா, அதுல அடிப்பாகத்துத் தகடோ ஃபைபரோ எவ்வளவு தடிப்பா இருக்கணும்னு கணக்குப் போட முதல் படியே டிசைன் செங்குத்து முடுக்கம்தான். இத்தனை ஜின்னு ஒரு நம்பர் எடுத்து, அதுலேர்ந்து அழுத்தம், அதுலேர்ந்து தடிப்பு, வங்கு (விலா எலும்பு மாதிரி உள்ள இருக்கிற சட்டம்) எத்தனை இன்ச்சுக்கு ஒண்ணுன்னு வரும். ஆக அடித்தகடு எத்தனை ஜி தாங்கணும்னு ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்தும் போட்டுடுறோம். அதே படகுல உக்காந்திருக்கிறவனோட முதுகு எத்தனை ஜி தாங்கணும்னு எங்கயும் எழுதறதில்ல. அந்த நம்பர் ஃபைல்ல ஏற்கனவே இருக்குங்க, புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம், எடுத்து ஸ்பெக்ல ஒரு வரியா போட்டா போதும்.

மனுஷனுக்கு என்ன ஆகுதுன்னு வெளிநாட்டுல அளந்திருக்காங்க. அமெரிக்க நேவியோட சுகாதார ஆராய்ச்சி மையம் 2000ல சிறப்புப் படையோட வேகப் படகுகள்ல வேலை பாக்குறவங்ககிட்ட ஒரு சர்வே எடுத்துச்சு, பாதிக்கும் மேல ஏதோ ஒரு காயம்னு சொன்னாங்க, அதுல முதல் இடம் கீழ் முதுகு, அப்புறம் முழங்கால், அப்புறம் தோள்பட்டை. இவங்கெல்லாம் உடம்பை இரும்பா வெச்சிருக்கிற ஆளுங்க, அவங்களுக்கே அப்படின்னா 45 வயசு ஹெட் கான்ஸ்டபிளுக்கு என்ன ஆகும். இங்கிலாந்துல 2008ல பிரிஸ்டல் சேனல்ல செல்டிக் பயனியர்ங்கிற ரப்பர் ட்யூப் வெச்ச சுற்றுலாப் படகுல போன ஒரு பயணிக்கு அலைல விழுந்த அடில முதுகெலும்பு முறிஞ்சது, கடல் விபத்து விசாரணைத் துறை அதை விசாரிச்சு அறிக்கை குடுத்தாங்க. ஓட்டுறவருக்கு அலை வர்றது தெரியும், கைல ஸ்டீரிங் இருக்கும், முழங்காலை மடக்கித் தயாரா நிப்பாரு. முன் சீட்ல உக்காந்திருக்கிற பயணிக்கு எதுவும் தெரியாது, அதுவும் அணியத்துப் பக்கம், அதாவது படகோட முன்முனைல, குத்து நடுப்படகை விட ரொம்ப அதிகமா இருக்கும்.

ஐரோப்பாவுல இதுக்குச் சட்டமே இருக்கு. 2002ல வந்த 44ஆம் எண் டைரக்டிவ், வேலை பாக்குறவன் உடம்பு முழுக்க வர்ற அதிர்வுக்கு 8 மணி நேரக் கணக்குல ஒரு அளவு வெச்சிருக்கு: 0.5 மீ/செ² தாண்டினா முதலாளி நடவடிக்கை எடுக்கணும், 1.15 மீ/செ² தாண்டவே கூடாது. வேகப் படகுக்கு அந்த அளவு கடைப்பிடிக்கவே முடியாதுன்னு அங்கயும் நிறைய பேர் கத்துனாங்க, கத்துனாலும் அளக்க ஆரம்பிச்சாங்க, அளக்க ஆரம்பிச்சதும் ஹல்லும் (படகோட உடல்) சீட்டும் மாற ஆரம்பிச்சது. நம்ம ஊர்ல டிரைவர்கள் இடுப்புல பெல்ட் கட்டிட்டு டூட்டிக்கு வர்றாங்க, டாக்டர் கேட்டா வயசு ஆகுதுன்னு சொல்லிக்கிறாங்க. படகு குத்துனதாலன்னு யாரும் எழுதிக் குடுக்கறதில்ல, குடுத்தாலும் அதைப் பதியுறதுக்கு ரெஜிஸ்டர்ல ஒரு கட்டம் கிடையாது.

சரி, ஸ்பெக்ல டெட்ரைஸ் 22 டிகிரின்னு எழுதிட்டா முடிஞ்சதான்னா முடியல. இதுல யார்டுக்காரங்க எப்படி நழுவுவாங்கன்னு நானே சொல்றேன், எனக்கு அந்தப் பக்கம்தான் நல்லாத் தெரியும். டெட்ரைஸ் எந்த இடத்துலன்னு நீங்க எழுதலேன்னா அணியத்துல அளந்து காட்டுவாங்க, அங்க 45, 50 டிகிரி கூட இருக்கும், போட்டோல கத்தி மாதிரி சூப்பரா தெரியும். ஆனா 30 நாட்டுல ஓடும்போது அந்த அணியம் தண்ணியத் தொடவே தொடாது, காத்துல இருக்கும். விழும்போது அடிக்கிறது நடுப்பாகமும் அதுக்குக் கொஞ்சம் முன்னாடியும்தான். அதனால மூணு இடத்துல கேக்கணும், பின் பலகைல, நடுவுல, நடுவுக்கும் அணியத்துக்கும் இடைல. அப்புறம் சைன், அதாவது அடிப்பாகமும் பக்கச்சுவரும் சேர்ற மூலை, அங்க தண்ணி தெறிக்காம இருக்கவும் நின்னா ஆடாம இருக்கவும் தட்டையா ஒரு பட்டை வெப்பாங்க, அது கொஞ்சம் இருந்தா நல்லது, ஆனா அதை அகலமா வெச்சுட்டா மேல இருக்கிற 22 டிகிரிக்கு அர்த்தமே இல்லாம போயிடும், கடைசில அந்தப் பட்டைதான் தண்ணிய அறையும். ஹல்லுக்கு அடில நீளமா ஓடுற ஸ்ப்ரே ரெயிலும் இப்படித்தான், தேவையான அளவுக்கு இருந்தா தூக்கும், அளவுக்கு மீறினா அடிக்கும்.

அதை விட முக்கியம் எடை எங்க உக்காந்திருக்குன்னு பாக்குறது. இன்ஜினைப் பின்னாடி தள்ளி, டேங்க்கையும் பின்னாடி வெச்சா அமைதியான தண்ணில மூக்கைத் தூக்கிட்டு வேகமாப் போகும், ஸ்பீட் ட்ரையல்ல பாஸாகிடும், அலைல போனா ட்ரிம் அதிகமா இருக்கிறதால குத்திக் கிழிச்சுடும். கொஞ்சம் முன்னாடி நகர்த்தி, ட்ரிம் டேபோ இன்டர்செப்டரோ (பின்பக்கம் மாட்டுற, ஏத்தி இறக்குற தகடுகள்) வெச்சு மூக்கைத் தாழ்த்திக்கிற வசதி குடுத்தா அதே ஹல் வேற படகு மாதிரி ஓடும். ரொம்பத் தாழ்த்தினாலும் ஆபத்து, அலை பின்னாடிலேர்ந்து வரும்போது அணியம் புதைஞ்சு படகு திரும்பிடும், அதனால ஓட்டுறவங்களுக்கு அதுல பயிற்சி வேணும். வீல்ஹவுஸ, அதாவது ஓட்டுறவர் இருக்கிற அறைய, இன்னும் ஒரு மீட்டர் பின்னாடி, படகோட நடுப்புள்ளிக்குப் பக்கத்துல கொண்டு வந்தா ஒரு பைசா செலவில்லாம ஓட்டுறவர் மேல விழுற குத்து குறையும், இதைக் கூட நாங்க பண்ணாம விடுறோம், ஏன்னா டெக் இடம் எத்தனை சதுர மீட்டர்னு கேக்குறீங்க, சீட் எங்க இருக்குன்னு கேக்குறதில்ல.

நெதர்லாந்துல டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்துல கோய்னிங்னு ஒரு ஆராய்ச்சியாளர் இதையே வேற கோணத்துல பாத்தாரு. ரோந்துப் படகு ஓட்டுறவங்க எப்ப த்ராட்டிலைக் குறைக்கிறாங்கன்னு கவனிச்சதுல ஒண்ணு தெரிஞ்சது, சராசரி ஆட்டத்துக்காக யாரும் குறைக்கிறதில்ல, ஒரே ஒரு பெரிய அடி விழும், உடனே குறைச்சுடுவாங்க. அப்ப அந்தப் பெரிய அடியக் குறைக்கிற மாதிரி ஹல் வரையணும்னு ஆரம்பிச்சாரு. முதல்ல அவங்க 1990கள்ல சொன்ன யோசனை ரொம்ப சிம்பிள், உள்ள இருக்கிற சாமான், இன்ஜின், அகலம் எதையும் மாத்தாம படகை நாலுல ஒரு பங்கோ பாதியோ நீட்டு, அந்த நீட்டுன இடத்தைக் காலியா விடு, அவ்வளவுதான். படகோட விலைல பெரும்பங்கு இன்ஜினும் எலக்ட்ரானிக்ஸும், வெறும் ஹல்ல நீட்டுறதுக்கு விலை அந்த அளவுக்கு ஏறாது, அலைல ஓடுறதோ ரொம்பவே மாறிடும். அப்புறம் வந்ததுதான் ஆக்ஸ் போ, கோடாலி வாய் மாதிரி செங்குத்தா ஆழமா இறங்குற அணியம், டாமென் கம்பெனி ரோந்துப் படகுகளுக்கு அதைப் போட்டுக் கட்டுறாங்க. நெதர்லாந்தோட லைஃப்போட் சங்கம் 2014ல எடுத்த என்எச்1816ங்கிற மீட்புப் படகுக்கும் டெல்ஃப்ட்டோட சேர்ந்து அப்படிப்பட்ட அணியம்தான் வரைஞ்சாங்க, அது அலை மேல ஏறி விழாம அலைய அறுத்துட்டுப் போகும்.

அங்கேர்ந்து காப்பி அடிங்கன்னு சொல்லல. ஆக்ஸ் போவுக்கு ஆழம் வேணும், கரைக்குப் பக்கத்துல மணல் திட்டு இருக்கிற இடத்துல அது தலைவலி. நம்ம ஃபைபர் படகு எல்லாம் தட்டையா இருக்கிறதுக்கும் காரணம் உண்டு, அலை உடையுற இடத்தைத் தாண்டி மணல்ல ஏத்தணும், மீன் லோடோட கரைல நேரா நிக்கணும், வரைஞ்சவங்க முட்டாள் இல்ல. ஆனா நீங்க வாங்குற ரோந்துப் படகு ஜெட்டிலதான் கட்டிக் கிடக்கப் போகுது, அதுக்கு ஏன் மணல்ல ஏறுற படகோட அடிப்பாகம்? அப்படியே கரைல ஏறணும்னாலும் வழி இருக்கு, இங்கிலாந்தோட கடல் மீட்புச் சங்கமான ஆர்என்எல்ஐயோட ஷானன் வகை லைஃப்போட் 25 நாட் ஓடும், வாட்டர்ஜெட்ல போகும், அதிர்வு தாங்குற சீட் இருக்கும், வேணும்னா கடற்கரைல ஓடி ஏறியும் நிக்கும். 2013லேர்ந்து வேலை பாக்குது.

ஆழமான வி வடிவத்துக்கு, அதாவது டெட்ரைஸ் அதிகமா இருக்கிற அடிப்பாகத்துக்கு, விலை உண்டு, மறைக்க மாட்டேன். அதே வேகத்துக்கு இன்ஜின் கூட வேணும், டீசல் கூடும், கடல் நடுவுல நின்னா தட்டைப் படகை விட அதிகமா உருளும், இன்னொரு படகுப் பக்கத்துல ஒட்டி நிறுத்திச் சோதனை போட ஏறும்போது அது தொந்தரவு. அதனாலதான் 24 டிகிரி எல்லாருக்கும்னு நான் சொல்லல. 18 டிகிரியும் குறுகலான அகலமும் கொஞ்சம் கூடுதல் நீளமும் இருந்தாலே நம்ம பாக் நீரிணைக்கு நல்ல படகு வரலாம். எது சரின்னு டிசைனர் முடிவு பண்ணட்டும், நீங்க விளைவை மட்டும் கேளுங்க, அதுதான் என் வாதம்.

ஷாக் அப்சார்பர் சீட் போட்டுட்டா போதாதான்னு ஒரு கேள்வி எப்பவும் வரும். சீட் தேவைதான், நல்ல சீட் உண்மைலயே காப்பாத்தும். ஆனா அது ரெண்டாவது காவல். சீட்டுக்கு 15 சென்டிமீட்டரோ 20 சென்டிமீட்டரோதான் இறங்க இடம் இருக்கும், பெரிய அடில அது முழுசா இறங்கி அடில போய் முட்டுச்சுன்னா சீட்டே இல்லாததை விட மோசமான அடி முதுகுல ஏறும். ஆளோட எடைக்குத் தகுந்த மாதிரி செட் பண்ணாத சீட் சும்மா அலங்காரம். சீட் ஓட்டுறவருக்கும் கமாண்டருக்கும் மட்டும் போட்டு, பின்னாடி நாலு பேரை பெஞ்ச்ல உக்கார வெக்கிற படகும் உண்டு, அந்த நாலு பேருக்கும் முதுகு ஒண்ணுதான்.

பயணிகள் படகுலயும் இதே கதை இன்னும் பெருசா இருக்கு. நாகப்பட்டினம் காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர் 14ல செரியபாணி படகோட ஆரம்பிச்சாங்க, எவ்வளவு பேர் சந்தோஷப்பட்டோம், வடகிழக்குப் பருவமழை வந்ததும் சில நாள்ல நிறுத்திட்டாங்க, அப்புறம் 2024 ஆகஸ்ட்ல சிவகங்கை கப்பலோட மறுபடி ஓடுச்சு. சுமார் 60 கடல் மைல் தூரம். அந்தக் கடல்ல வருஷத்துல எத்தனை நாள் ஓட முடியும்ங்கிறதுதான் டிக்கெட் விலையவும் ஜனங்க நம்பிக்கையவும் தீர்மானிக்கும், உச்ச வேகம் கிடையாது. அந்தப் பாதைக்குன்னு அடுத்து படகு வாங்குறவங்களோ வாடகைக்கு எடுக்குறவங்களோ அங்க அடிக்கிற வாடைக்காத்து அலைல பயணி சீட்ல எவ்வளவு ஆட்டம்னு முதல் கேள்வியா கேக்கணும்.

இப்ப என்ன எழுதச் சொல்றேன்னா, உச்ச வேகம்னு ஒரு வரி இருக்கட்டும், அதுக்குக் கீழ இன்னொரு வரி, அதுக்கு மார்க்கும் அதிகம் குடுங்க: முழு லோடோட, 1 மீட்டர் அலை உயரத்துல, 4லேர்ந்து 5 செகண்ட் அலை இடைவெளில, எதிர் அலைல 25 நாட் ஓடும்போது ஓட்டுறவர் சீட் அடித்தளத்துலயும் எல்லாருக்கும் முன்னாடி இருக்கிற ஆள் சீட் அடித்தளத்துலயும் பெரிய பத்துல ஒரு பங்கு குத்துகளோட சராசரி 1 ஜிக்கு மேல போகக் கூடாது. 1 ஜி அதிகமா கம்மியான்னு விவாதம் பண்ணலாம், பயணிகள் படகுன்னா அதை விட ரொம்பக் கீழ வெக்கணும், சிறப்புப் படைப் படகுன்னா கொஞ்சம் ஏத்தலாம், நம்பர் எதுவா இருந்தாலும் ஒரு நம்பர் இருக்கணும். லோடுன்னு சொன்னது முக்கியம், பாதி டேங்க்கோட ரெண்டு பேரை மட்டும் ஏத்தி ட்ரையல் காட்டுற பழக்கம் வேகத்துக்கு நல்லது, நீங்க வாங்குறது முழு லோடோட ஓடப் போற படகு.

இதை எப்படி அளக்குறதுன்னு பயப்பட வேணாம். அக்சிலரோமீட்டரும் டேட்டா லாகரும் ஒரு ரேடார் விலைல சின்னப் பங்குகூட வராது. தளத்துல போல்ட் போட்டு இறுக்கி, ஃபில்டர் எத்தனை ஹெர்ட்ஸ்னு முன்னாடியே ஸ்பெக்ல எழுதிடணும், இல்லேன்னா அடியோட கூர்மைய வழவழன்னு ஆக்கி கம்மி நம்பர் காட்டிடலாம், எல்லாப் படகுக்கும் ஒரே ஃபில்டர் ஒரே கணக்கு முறைன்னு இருந்தாத்தான் ஒப்பிட முடியும். அலை எவ்வளவுன்னு யாரோட கண் மதிப்பையும் நம்ப வேணாம், இன்காய்ஸ்ங்கிற மத்திய அரசு கடல் தகவல் மையம் ஹைதராபாத்லேர்ந்து நம்ம கடலுக்கு அலை முன்னறிவிப்பு குடுக்குறாங்க, ட்ரையல் நாளைத் தேர்ந்தெடுக்க அது போதும், அன்னைக்கு ஒரு சின்ன அலை மிதவைய இறக்கி அளந்துக்கலாம். கட்டுறதுக்கு முன்னாடியே மாடல் டெஸ்ட் வேணும்னா விசாகப்பட்டினத்துல என்எஸ்டிஎல்ங்கிற கடற்படை ஆராய்ச்சிக் கூடத்துல 500 மீட்டர் நீளத்துக்கு ஹை ஸ்பீட் டோயிங் டேங்க் (மாடல் படகை இழுத்துப் பாக்குற தொட்டி) இருக்கு, சென்னை ஐஐடி ஓஷன் இன்ஜினியரிங் துறைலயும் டேங்க் இருக்கு. ஒரே டிசைன்ல பத்து இருபது படகு வாங்குற டெண்டர்ல ஒரு மாடல் டெஸ்ட் செலவைப் பிரிச்சுப் பாருங்க, ஒரு படகுக்கு என்ன வரும்னு.

எல்1 முறைல இதெல்லாம் எப்படி நிக்கும்னு சிலர் கேப்பீங்க. நிக்கும். வேகத்தை ட்ரையல்ல எட்டலேன்னா அபராதம் போடுறீங்க இல்லையா, அதே அபராதப் பத்திய இந்த ஜி நம்பருக்கும் போடுங்க. அப்ப எல்லா யார்டும் ஒரே தேவைக்கு விலை சொல்வாங்க, சரியா வரையுறவன் கூடுதல் விலை சொன்னதுக்காகத் தோக்குற நிலைமை போயிடும். இதோட விலையும் திரும்பி வந்துடும், ஏன்னா இன்னைக்கு 35 நாட் இன்ஜினுக்குக் காசு குடுத்து வாங்கி, அலை வந்தா 12, 15 நாட்டுல தவழ்ந்து போறோம், அந்த இன்ஜினோட பாதிக் காசு எந்த நாளும் உபயோகமாகறதில்ல. 28 நாட்டு படகு அதே அலைல 22 நாட் போனா யாரு முதல்ல சம்பவ இடத்துக்குப் போய்ச் சேருவாங்க?

ஏற்கனவே வாங்கி ஓடிட்டு இருக்கிற படகுகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடிப்பாகத்தை இனி மாத்த முடியாது, ஆனா ஒரு சீசன் முழுக்க ஒவ்வொரு வகைப் படகுலயும் ஒரு லாகர் மாட்டி வைங்க, எந்தப் படகு எந்தக் கடல்ல எந்த வேகத்துல எவ்வளவு குத்துதுன்னு ஒரு பட்டியல் வந்துடும். அதுலேர்ந்து இந்த அலைக்கு இந்த வேகத்துக்கு மேல போகாதன்னு டிரைவர் கண்ணு முன்னாடி ஒரு அட்டை ஒட்டலாம், எடையக் கொஞ்சம் முன்னாடி நகர்த்தலாம், இன்டர்செப்டர் மாட்டலாம், சீட்டை மாத்தலாம், முன் பெஞ்சை எடுத்துடலாம். முதுகு வலின்னு சொல்ற ஆளோட டூட்டி ரெஜிஸ்டர்ல அவன் எந்தப் படகுல எத்தனை மணி நேரம் போனான்னு ஒரு கட்டம் சேருங்க. அந்தப் பட்டியலையும் ட்ரையல் டேட்டாவையும் பொதுவுல போடுங்க, பேரெல்லாம் எடுத்துட்டுப் போடுங்க, காலேஜ்ல நேவல் ஆர்க்கிடெக்சர் படிக்கிற பசங்களுக்கு நம்ம கடலோட நிஜ டேட்டா ஒண்ணு கூட கைல கிடைக்கிறதில்ல, அவங்க இன்னும் அம்பது வருஷத்துக்கு முந்தின மாடல் நம்பரை வெச்சுத்தான் ப்ராஜெக்ட் பண்றாங்க.

அடுத்த ஸ்பெக் கமிட்டி கூடும்போது நான் மேல எழுதின அந்த ஒரு வரிய டிராஃப்ட்ல சேர்த்து, யார்டுகளோட ப்ரீ பிட் மீட்டிங்ல (விலை கேக்குறதுக்கு முன்னாடி நடக்குற கூட்டம்) வெளிப்படையா கேள்வி கேக்க விடுங்க. எங்கள்ல சில பேர் முடியாதுன்னு சொல்வோம், சில பேர் இந்த நம்பருக்கு நீளம் 2 மீட்டர் கூட வேணும்னு கேப்போம், அப்ப டெண்டர்ல நீளத்துக்கு உச்ச வரம்பு போட்டிருக்கிறதத் தளர்த்திக் குடுங்க.

இப்படிக்கு,
படகு வரையுற, கட்டுற ஒருத்தன்